'மற்றவை' வேண்டாம் என்றவளுக்கு

இன்று காலை எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாய் இணைப்பு விட்டுப்போனது. சரிசெய்ய வந்த பிளம்பர் பைப் ஒட்டும் பசை டப்பாவைத் திறந்தார். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை சமையற்கட்டுக்குள் வந்ததும் நான் கரண்டியோடு பின்வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன். மூக்கில் ஏறித் தலையை லேசாகக் கிறுகிறுக்க வைக்கிற அந்த வாசனையை ஊரில் எல்லாரும் முகம் சுளித்துத்தான் கடப்பார்கள். நீ மட்டும் இழுத்து மோப்பம் பிடிப்பாய். "இத சென்ட் பாட்டில்ல போட்டு வித்தா நான்தான் மொத கஸ்டமரு" என்பாய். டீ பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது. அப்போதே உனக்கு எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் உங்கள் அத்தாவின் மோட்டார், பைப் கடையில் அந்த வாசனைக்கு நடுவேதான் நாம் வேலை பார்த்தோம். கல்லூரிக்குப் போன நாட்களில் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஒரே சீட்டில் ஒட்டிக்கொண்டு போன சிநேகம் நம்முடையது. சென்னையில் வேறு வேறு கம்பெனிகளில் சேர்ந்தோம். கொரோனா வந்து இரண்டு பேரையும் ஊருக்கே திருப்பி அனுப்பியது. எங்கள் தெருவில் சிக்னல் கிடையாது. சித்தேரிக் கரைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிற காலனி எங்களுடையது. போனைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏறினால்தான் ஒரு கோடாவது காட்டும். நீதான் கூப்பிட்டாய். "கடைக்கு வந்துடு புனி. லைன் கீது, ஃபேன் கீது. அத்தா மதியம் தூங்கிடுவாரு."

பைப் கட்டுகளுக்கும் மோட்டார் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு மேசை போட்டுக் கொடுத்தார் உன் அத்தா. நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலைதான். எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் ஒரு சட்டை வாங்குவார். அந்தச் செய்தி சர்வருக்கு வரும். சர்வரில் நாம் எழுதி வைத்த கோட் அதை வாங்கி, ஒரு ரெக்கார்டாக்கி டேட்டாபேஸில் சேர்க்கும். பிறகு அவருக்கு, "உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்று பதில் அனுப்பும். அவ்வளவுதான் நம் சம்பளத்துக்கான வேலை. கடைக்கு வருகிற விவசாயிகள், "இன்னாம்மா எப்பப் பாரு டொக்கு டொக்குனு தட்டிக்கினே கீறீங்க?" என்று கேட்டால், "எழுதி வைக்கிற வேலைதான் அண்ணா" என்பாய். அதற்கு மேல் விளக்க மாட்டாய்.

அந்த வருடம் கார்த்திகையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. மேலே பெரிய ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து சித்தேரிக்கு வரும். சித்தேரி நிரம்பினால் எங்கள் வாசலுக்கு வரும். அன்று முழங்கால் அளவோடு நின்றது. மறுநாள் நீ சேற்றில் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாய். உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய தூக்கு நிறைய நாஷ்டா. என் அம்மா ஈர அரிசியைக் கயிற்றுக் கட்டில்மேல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"பெரிய ஏரி நேத்து காலைலயே வழிஞ்சிதே. கடைக்கு வந்தவங்க பேசிக்கினாங்களே. உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டாய்.

அம்மா நிமிரவே இல்லை. "ஊருக்குள்ள ஆளுங்க சொல்லுவாங்கம்மா. எங்களுக்குத் தண்ணிதான் வந்து சொல்லும்" என்றாள்.

நாம் கடைக்குத் திரும்பினோம். மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "எவனோ சட்ட வாங்கினா உடனே சொல்றோம். தண்ணி வந்தா சொல்ல மாட்டமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஏரிக்கரையில் இருக்கிறவர் போனில் ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். பார்த்ததை எழுதவோ பேசவோ படமாக அனுப்பவோ வேண்டும். சர்வர் அதை டேட்டாபேஸில் சேர்க்க வேண்டும். சேர்ந்ததும் அந்த ஏரிக்குக் கீழே இருக்கிற அத்தனை வீட்டுக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு போக வேண்டும். எங்கள் தெருவில் சிக்னல் இல்லாத குறைக்கு உன் அண்ணன் ரஃபி கரைமேல் ஒரு கம்பம் நட்டு, சிக்னலை இழுத்துத் தெருவுக்குத் தருகிற பெட்டி ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். ஊர்க்காரர்கள் தெருவும் எங்கள் தெருவும் ஒரே விநாடியில் கேட்க வேண்டும். அதில் நீ பிடிவாதமாக இருந்தாய்.

சித்திரையில் தொடங்கிய, வீடுகளைப் பதிவு செய்யும் வேலை எனக்கு. அலுவலகப் பழக்கத்தில் வரிசையும் கட்டமுமாக ஒரு அட்டவணை போட்டிருந்தேன். பெயர், கதவு எண், தெரு, ரேஷன் கார்டு எண். தெருக்களின் பட்டியலை ஏதோ பழைய படிவத்திலிருந்து எடுத்தேன். முதல் வீட்டிலேயே நின்றுபோனோம். கன்னியம்மா அக்கா வீட்டுக்குக் கதவு எண் இல்லை. பட்டியலில் எங்கள் தெருவே இல்லை. நான் கடைசியில் இருந்ததை அமுக்கினேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"இன்னா இது, 'மற்றவை'?"

"பட்டியல்ல எங்க தெரு இல்ல. அதான்."

"உங்க வூட்டு வாசல்ல நின்னுக்கினு உங்க தெருவ மற்றவைல போடுறியா?"

"எல்லாப் படிவத்துலயும் அப்படித்தான்டி கீது."

நீ என் கையிலிருந்து லேப்டாப்பை வாங்கி மூடினாய். கோபத்தில் உன் மூக்கு நுனி சிவக்கும், அன்றும் சிவந்தது. "மற்றவைனு ஒரு கட்டம் வெச்சா, எப்பவும் யாராவது போயி அதுல வுழணும். கட்டமே வாணாம்" என்றாய்.

மறுநாளே அட்டவணையைத் தூக்கிவிட்டு டாக்குமெண்ட் டேட்டாபேஸுக்கு மாற்றினாய். அதில் ஒவ்வொரு ரெக்கார்டும் தனித்தனிக் காகிதம் போல. எல்லாக் காகிதத்திலும் ஒரே தலைப்புகள் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு வீட்டுக்குக் கதவு எண் இருந்தால் எழுதலாம். இல்லாத வீட்டுக்கு அந்த வரியே இருக்காது, வெற்றுக் கட்டமாகப் பல்லிளிக்காது. வேறு யாரிடமும் இல்லாத ஒன்று ஒரு வீட்டில் இருந்தால் அதற்கென்று புது வரி. நம் வேலையில் அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் எங்கள் தெருவில் வாசல் வாசலாக நின்று நீ அதைச் செய்தபோதுதான் அது எதற்கு என்று எனக்குக் கண்ணால் தெரிந்தது.

நீ கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மழை வர்ச்சொல்லோ உங்க வூட்டப் பத்தி எங்களுக்கு இன்னா தெரியணும்?" ஒருவர் ஆட்டைச் சொன்னார். ஒருவர் மாமனாருக்குக் காது கேட்காது என்றார். கன்னியம்மா அக்கா, "பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு மங்கிடும், யாராவது கைய புடிச்சி இட்டுக்கினு போவணும்" என்றார். வளர்மதி அக்கா தயங்கிக்கொண்டே, "எம் பொண்ணு தேவி வர்ற ஐப்பசில தலப்பிரசவத்துக்கு வருவா. ஆனா அவ பேரு கார்டுல மாமியா வூட்டுலதான் கீது" என்றார்.

"கார்டு எங்க வேணா இருக்கட்டும்கா. மழை பெய்யச்சொல்லோ பொண்ணு எங்க இருக்கும்?"

"இங்கதான்."

"அப்ப இங்கதான் எழுதணும்."

அந்த வீட்டு ரெக்கார்டில் 'வரப்போகிறவர்' என்று ஒரு வரி சேர்த்து, தேவி என்று எழுதினாய். அந்தத் தலைப்பு எந்த அலுவலகத்தின் எந்தப் படிவத்திலும் இருக்காது. வளர்மதி அக்கா திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார், பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்தது.

நமக்குள் பெரிய சண்டை வந்தது வேறு ஒரு விஷயத்தில். ரெக்கார்டைச் சேர்க்கும் கோட் பகுதியை நீ எழுதி முடித்திருந்தாய். கரையில் இருப்பவர் பட்டனை அமுக்கியதும் திரையில் 'பதிஞ்சாச்சு' என்று பச்சையாக வரும். அதை ரஃபியிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாய். நான் அந்தக் கோட் வரிகளைப் படித்துப் பார்த்தேன். டேட்டாபேஸிடம் ரெக்கார்டைக் கொடுத்த கையோடு, அது என்ன பதில் சொல்கிறது என்று கேட்காமலே 'பதிஞ்சாச்சு' போய்விட்டது.

"டேட்டாபேஸ் சரின்னு சொல்ற வரைக்கும் நாம சொல்லக் கூடாது" என்றேன்.

"கரமேல சிக்னல் எப்படி கீதுன்னு உனக்குத் தெரியாதா? கொட்ற மழைல நின்னுக்கினு வட்டம் சுத்துறத பாத்தா பேஜாராயி போன பாக்கெட்ல போட்டுக்கினு போயிடுவாங்க."

"சட்டைன்னா பரவால்ல. இது தண்ணி. பதியாமயே பதிஞ்சாச்சுன்னா, அவரு சொல்லிட்டோம்னு நெனச்சிக்கினு வூட்டுக்குப் போயிடுவாரு. கீழ யாருக்கும் போயிருக்காது."

நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அந்தச் சண்டை ஒரு வாரம் நீண்டது. உன் அத்தா மதியத் தூக்கம் கெட்டு, "ரெண்டு பேரும் தெருவுல போயி கத்துங்க" என்று விரட்டினார். கடைசியில் நீ இறங்கி வந்தாய். சேர்த்தபின் டேட்டாபேஸ் புது ரெக்கார்டுக்கு ஒரு அடையாளம் கொடுக்கும். அது கைக்கு வந்தால்தான் பச்சை. வராவிட்டால் சிவப்பு. ஆனால் சிவப்பில் வெறும் 'பிழை' என்று காட்டுவதை நீ ஒப்புக்கொள்ளவில்லை. "பிழைன்னா அவங்க பிழைன்னு நெனச்சிப்பாங்க" என்று சொல்லி நீயே வாக்கியம் எழுதினாய்: 'இன்னும் பதியலை. நேரா எனக்கு போன் பண்ணுங்க.' அதன் கீழே உன் சொந்த நம்பர்.

எனக்குத் திக்கென்றது. "ஒரு பொண்ணு நம்பர இப்படிப் பொதுவுல போடுவியா? கண்டவன்லாம் பண்ணுவான்."

"பண்ணட்டும். கடைல உக்காந்து நாள் பூரா ஆம்பளைங்ககிட்ட மோட்டார் விக்கிறவ நான். ஏரியப் பத்திப் பேசினா பேசுவேன். வேற பேசினா ரஃபி பேசுவான்."

அடுத்த ஐப்பசி வரை அந்தச் சிவப்பு வாக்கியம் யாருக்கும் தேவைப்படவில்லை. சிறு தூறலுக்கெல்லாம் ரெக்கார்டுகள் ஒழுங்காகச் சேர்ந்தன. சித்தேரியின் நீர்க்கட்டி கோதண்டம் அண்ணன், மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் பிரித்து விடுகிறவர், தினமும் காலையில் ஏரியைப் பற்றி ஒரு பாட்டு மாதிரி இழுத்துப் பேசி அனுப்புவார். நீ அதைக் கடையில் சத்தமாகப் போட்டு எல்லாருக்கும் கேட்க வைப்பாய்.

பிறகு அந்த நாள் வந்தது. விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் வீட்டில் இருந்தேன். நீ கடையில் இருந்தாய். காலை டிபன் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

"புனி, அம்மாவ இட்டுக்கினு வெளிய வா. சித்தேரிக் கர கசியுது."

நான் லேப்டாப்பைப் பார்த்தேன். "இங்க புதுசா ஒரு ரெக்கார்டும் வரலியேடி."

"அதான் சொல்றேன். டேட்டாபேஸ நம்பி உக்காராத. கோதண்டம் அண்ணன் இன்னொரு போன்ல என்கூட லைன்ல கீறாரு. பதியலைனு வந்துதாம். உடனே எனக்குப் பண்ணிட்டாரு. எயுந்திரு."

என்ன நடந்தது என்று பிறகுதான் கண்டுபிடித்தோம். இலவசமாகக் கிடைத்த டேட்டாபேஸ் இடம் நிறைந்துவிட்டிருந்தது. படிக்க விடும், புதிதாக எழுத விடாது. கோதண்டம் அண்ணன் அனுப்பியது சர்வர் வரை வந்து, டேட்டாபேஸ் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டது. ரெக்கார்டு சேராததால் கீழே யாருக்கும் அழைப்பு போகவில்லை. ஆனால் அவர் திரையில் சிவப்பு வந்தது. கரையில் குடையும் இல்லாமல் நின்ற மனிதருக்கு, தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

அம்மா ஆடுகளை விட்டு வரமாட்டேன் என்று நின்றாள். "நீ போ. நான் இதுங்கள அவுத்துக்கினு வரேன்." கயிறு நனைந்து முடிச்சு இறுகிப்போயிருந்தது. அரிவாள்மணையைக் கொண்டுவந்து அறுத்தேன். தெருவில் கத்திக்கொண்டே ஓடினேன். முதலில் யாரும் நம்பவில்லை. "மிசினு ஒண்ணும் சொல்லலியே புனிதா" என்றார் கன்னியம்மா அக்கா. அதற்குள் கடையின் சரக்கு வண்டியை ரஃபி தெருமுனையில் கொண்டுவந்து ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டான். அந்தச் சத்தத்தை யாராலும் தட்ட முடியவில்லை.

நீ கல்லாவில் உட்கார்ந்து இடம் எதனால் நிறைந்தது என்று தேடியிருக்கிறாய். நாம் சோதனைக்கென்று பேசிப் பேசி அனுப்பிய குரல் பதிவுகள்தான். பெரும்பாலும் உன்னுடையவை. உங்கள் அத்தாவின் குறட்டையை நடித்தது, கஸ்டமரைப் போலப் பேரம் பேசியது, எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது எல்லாம் அந்த ரெக்கார்டுகளுக்குள் இருந்தன. மொத்தத்தையும் அழித்தாய். ஒரு வெற்று ரெக்கார்டைச் சேர்த்துப் பார்த்தாய். அடையாளம் வந்தது. உடனே கோதண்டம் அண்ணன் சொன்னதை அவர் பெயரிலேயே நீ சேர்க்க, எல்லா வீட்டுப் போனும் ஒரே நேரத்தில் அடித்தது. மழைக்குள் தெரு முழுக்க மணி கேட்டதை நான் இன்னும் யாருக்கும் சரியாக விவரித்ததில்லை.

மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆட்கள் வண்டிக்கு வந்து சேரச் சேர, தெருமுனையில் நின்று நான் உனக்குப் போனில் சொன்னேன். நீ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரெக்கார்டு சேர்த்தாய். வந்துவிட்டார்கள். இரண்டு ஆடு, ஒரு கன்று. மாமனாரைத் தோளில் தூக்கி வந்தார்கள். ரஃபியின் வண்டி கடைசி நடை வந்து, எல்லாரும் ஏறிவிட்டோம் என்று நான் நினைத்தபோது உன் குரல் மாறியது.

"வளர்மதி அக்கா வூடு?"

"அக்கா கம்பெனி பஸ்ல வேலைக்குப் போயிட்டாங்க. உள்ள போன் வுட மாட்டாங்க. வூடு பூட்டிதான் இருக்கும்."

"தேவி?"

எனக்கு மழையின் சத்தம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பின்சந்து வீடு. அவள் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தெருவில் பாதிப் பேருக்கு அவள் வந்ததே தெரியாது. அவளுடைய போன் நம்பர் எங்கும் இல்லை.

"அவ ரெக்கார்டு என் முன்னாடி கீது புனி. வந்துட்டாங்கன்னு இன்னும் சேக்கல. போ."

நானும் ரஃபியும் ஓடினோம். சந்தில் தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. தேவி நிறைமாத வயிற்றோடு கதவைத் தாழிட்டுக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். வெளியே கேட்ட ஹாரனை ஏதோ கல்யாண வண்டி என்று நினைத்தாளாம். "யாரு நீங்க?" என்று பயந்து கேட்டாள். என்னைக்கூட அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்று, "தேவி, உங்க அம்மா உன் பேர எழுதிக் குடுத்துக்கீறாங்க. வா" என்றேன். அவள் தாழை எடுத்தாள். ரஃபி ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக அவளைத் தாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்தோம்.

வண்டி மேட்டில் ஏறிய பிறகுதான் கரை உடைந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. யாரோ பெரிய துணியைக் கிழிப்பது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பின்சுவர் போனது. வளர்மதி அக்கா வீட்டுக் கட்டில் வயல் நடுவில் கிடைத்தது. தெருவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. தேவிக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள்.

அன்று மாலை பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். துப்பட்டா நுனியைப் பிழிந்துகொண்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாய். "நீ சண்ட போட்டது நல்லதாப் போச்சு" என்றாய். "நீ நம்பர் போட்டது நல்லதாப் போச்சு" என்றேன். அதற்கு மேல் நாம் பாராட்டிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் உன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். நீ, "இன்னொரு தடவ பண்ணுங்க, நல்லா கீது" என்றாய்.

உன் நோய் கோடையில் தெரிந்தது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சென்னை ஆஸ்பத்திரிக்கு நான் லீவு போட்டு வரும்போதெல்லாம், உடம்பைப் பற்றிக் கேட்டால் ரஃபியைக் கை காட்டுவாய். நாம் எழுதிய கோட் பற்றிக் கேட்டால்தான் எழுந்து உட்காருவாய். குரல் பதிவுகளை டேட்டாபேஸுக்கு வெளியே வேறு இடத்தில் வைத்து, அவை இருக்கும் முகவரியை மட்டும் ரெக்கார்டில் சேர்க்கும்படி நான் மாற்றி எழுதியிருந்தேன். வரி வரியாகப் படிக்கச் சொன்னாய். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்து ஒரு இடத்தில், "நில்லு. குரல் அங்க போய்ச் சேந்துச்சான்னு கேக்காம முகவரிய ஏன் எழுதுற?" என்றாய். சரியாகப் பிடித்தாய். திருத்தினேன்.

கடைசியாக வந்த அன்று உன் போனை என் கையில் வைத்தாய்.

"என் நம்பர அதுலர்ந்து எடுத்துடாத. எல்லார் போன்லயும் சேவ் ஆயிடுச்சி. நீ வெச்சிக்கோ."

"நீ வந்து எடு."

"வந்தா குடுத்துடு."

நீ வரவில்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மா என் கையை விடவே இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருமுனையில் எங்கள் தெருவே நின்றது. கோதண்டம் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

சில நாட்கள் கழித்து உன் குரலைக் கேட்கத் தோன்றியது. டேட்டாபேஸில் தேடினேன். ஒன்றுகூட இல்லை. கரை உடைந்த அன்று நீ அழித்ததில் மிச்சம் வைக்கவில்லை. அந்தக் காலை நேரத்து ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். உன் பிறந்தநாள் வாழ்த்து இருந்த இடத்தில் எங்கள் தெரு இருந்தது. வந்துவிட்டார்கள், வந்துவிட்டார்கள், வந்துவிட்டார்கள். கடைசி ரெக்கார்டில் நீ, 'தேவி, வயிற்றில் பிள்ளையோடு' என்று எழுதியிருந்தாய். அழுதேன். ஆனால் இன்று நீ என்னிடம் கேட்டாலும் அழிக்கத்தான் சொல்வேன்.

உன் நம்பர் இப்போது என்னிடம் அடிக்கிறது. மழைக்காலத்தில் அதிகம். "பாய் கடப் பொண்ணாம்மா?" என்று கேட்பார்கள். முதலில் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது, "அவங்க இல்லண்ணா, நான் புனிதா, அவங்க ஃப்ரெண்டு. ஏரி எப்படி கீது, சொல்லுங்க" என்கிறேன். சொல்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். புள்ளலூரிலிருந்து வந்திருந்தார்கள். பாலாற்றங்கரையிலிருந்து, பழையசீவரம் பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். நம் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு, தங்கள் ஏரிகளையும் சேர்க்கலாமா என்று கேட்கத்தான். மேடையில் மைக்கைப் பிடித்து நான் பேசினேன். பேசி முடித்ததும் முன்வரிசையில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் எழுந்தார்.

"நல்லா சொன்னம்மா. நீ எந்த ஊரு? யார் வூட்டுப் பொண்ணு?"

அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்லூரியிலும் கம்பெனியிலும் நான் 'உத்திரமேரூர்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அது பொய்யும் இல்லை. அன்று மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"சித்தேரிக் கரைக்குக் கீழ கீற காலனி சார். நடவுக்குப் போற லட்சுமி பொண்ணு. தண்ணி வந்தா மொதல்ல எங்க வாசலுக்குத்தான் வரும். அதனாலதான் இத நாங்க எழுதினோம்."

'எழுதினேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. இனியும் வராது.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, இடுப்பில் சொருகிய முந்தானையோடு எழுந்து கையைத் தூக்கினார். "நானும் ஏரிக்குக் கீழதான்மா. எங்க தெருவுக்குப் பேரே இல்ல. அத எப்பச் சேப்பீங்க?"

மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போனேன். லேப்டாப்பைத் திறந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இப்பவே சேத்துடலாம்கா. நீங்க அத இன்னான்னு கூப்புடுவீங்க, சொல்லுங்க."